பாதி இழுத்த சோக்

செவ்வாய்க்கிழமை

என் அன்பு மனைவிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதை எழுத ஆரம்பித்தால் காகிதம் போதாது. நீயும் உன் அக்காவும் சகலையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சகலையின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஹலோ என்றால் நீ ‘ம்’ என்கிறாய். மேலே பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் என் குரல் ஏறிவிடுகிறது, நீ வைத்துவிடுகிறாய். காகிதத்தில் எவ்வளவு கத்தினாலும் உன் அக்கா வீட்டுக் கூடத்தில் கேட்காது.

நம் பெரியவள் நேற்று போனில் பேசினாள். அப்பாவிடம் சொல் என்று நீ சொன்னதாக மூன்று சாமான் சொன்னாள். துணிமணி, படிக்கும் கண்ணாடி, செடி வெட்டும் கவாத்துக் கத்தரி. பெட்டியில் போட்டு லாரிக்காரரிடம் கொடுத்தனுப்ப வேண்டுமாம். லாரிக்காரர் இப்போது ஊரில் இல்லை. வந்ததும் பார்க்கிறேன். துணியும் கண்ணாடியும் சரி, கத்தரி எதற்கு? அங்கே இருப்பது ஜன்னலில் இரண்டு பூந்தொட்டி. பக்கத்துக் காலி மனையில் நீ கன்று போடப் போகிறாய் என்று பெரியவள் சொன்னாள். அவள் எதையும் கூட்டித்தான் சொல்லுவாள். பத்து நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் நீ. இன்றோடு ஐந்து வாரம் ஆகிறது.

கன்றுகளைப் பற்றிக் கவலைப்படாதே. வேலியோர எலுமிச்சை எல்லாம் துளிர் விட்டிருக்கிறது. ரோஜாப் பதியன்களில் நாலைந்து போய்விட்டன, என் தப்புதான், தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டேன். கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் வண்டி போகவில்லை, ஏனென்றால் அதை இழுக்கும் டிராக்டர், நம் செவலை, ஓடவில்லை. அதனால் வாளியில் சுமக்கிறேன். இருபத்திரண்டு நடை. தோள்பட்டை என் தோள்பட்டை மாதிரியே இல்லை.

செவலை விஷயத்துக்கு வருகிறேன். எவ்வளவு பழைய டிராக்டர் என்றாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைக்கச் சோக்கை இழுக்க வேண்டும், கிளம்பியதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். நீ என்ன செய்தாய்? பதினோரு வருஷமாகச் சோக்கைப் பாதி இழுத்து, திரும்பப் போகாமல் இருக்கத் துணிக்கிளிப்பை மாட்டி வைத்து ஓட்டினாய். பெட்ரோலில் மூழ்கி மூழ்கி அது நிற்காமல் வேறென்ன செய்யும்? நீ போன மறுநாளே அந்தக் கிளிப்பைப் பிடுங்கி எறிந்தேன். முறைப்படி கிளப்பினேன். கிளம்புகிறது, சோக்கைத் தள்ளினால் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிடுகிறது. ஐந்து வாரமாக இதே கதைதான். உள்ளே நீ ஏதோ கெடுத்து வைத்திருக்கிறாய்.

அன்றைக்கு நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. பள்ளிக்கூடத் தலைமையாசிரியை மரக்கன்று வாங்க வந்து நிற்கிறார், கூட நாலு பேர். கன்று ஏற்றிய வண்டியோடு செவலை வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. அந்த நேரத்தில் யாருக்கும் வாய் தவறும். “பதினோரு வருஷமா சொல்றேன், மாட்டுக்குச் சொல்லியிருந்தா கூட ஏறியிருக்கும்” என்று சொன்னேன். ஒரு வார்த்தை. நீ இறங்கி, சாவியை என் கையில் வைத்து, குழாயில் கை கழுவிக்கொண்டு, சாயங்கால பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாய். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் சொன்ன வார்த்தையை எல்லாம் கணக்குப் பார்த்தால் இது அப்படி ஒன்றும் பெரியதில்லை.

இப்போது கார்புரேட்டரைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்திருக்கிறேன். நீ இருந்தால் மேஜைக்குப் பக்கத்தில்கூட விட்டிருக்க மாட்டாய். வீடு முழுக்கப் பெட்ரோல் வாடை. பிரித்து, சுத்தம் செய்து, புது சாமான் போட்டு மாட்டப் போகிறேன். அது முறைப்படி ஓடும்போது பெரியவளை வரச் சொல்லி வீடியோ எடுத்து உனக்கு அனுப்புவேன். யார் சொன்னது சரி என்று அப்போது தெரியும்.

உன் அக்காவை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் கணவன்


சனிக்கிழமை

அன்பு மனைவிக்கு,

என் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தாய் என்று பெரியவள் சொன்னாள். கிழிக்கவில்லையே என்று கேட்டேன். “ஏம்ப்பா, அப்படி என்ன எழுதின?” என்றாள். அவளிடம் சொல்லவில்லை.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துபோகிறது. டீ போட்டு வைத்துவிட்டு இரண்டு தடவை ஆற விட்டேன். இந்த மேஜை வேலை இல்லையென்றால் பைத்தியம் பிடித்திருக்கும்.

கார்புரேட்டர் என் உள்ளங்கை அளவுதான். இத்தனை வருஷம் நம் இரண்டு பேரையும் ஆட்டி வைத்தது இதுதானா என்று இருக்கிறது. அடியில் ஒரு கிண்ணம், அதில் பெட்ரோல் நிற்கும். பெட்ரோலில் ஒரு பித்தளை மிதவை. கிண்ணம் நிறைந்தால் மிதவை மேலே வந்து ஒரு ஊசியைத் தள்ளும், ஊசி வழியை அடைக்கும். நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் இருப்பது மாதிரிதான். கிண்ணத்தைத் திறந்தால் உள்ளே பழுப்பாக, காய்ந்த கோந்து மாதிரி ஒட்டிக் கிடந்தது. ஊசியின் முனை தேய்ந்திருந்தது. மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன், உள்ளே பெட்ரோல் ஏறவில்லை, நல்லதுதான்.

ஒவ்வொரு சாமானையும் கழற்றிய வரிசையில் வெள்ளைத்தாளில் வைத்து, பக்கத்தில் எண் போட்டு, படமும் வரைந்துகொண்டேன். முப்பது வருஷம் தண்ணீர்த் துறையில் குழாய்ப் படம் வரைந்தவன் வேறு எப்படிச் செய்வான்? நீ பார்த்தால், “பொண்ணு பார்க்கப் போனப்பவும் இப்படித்தான் குறிப்பெடுத்தீங்களா?” என்று கேட்பாய். இல்லை. அன்றைக்குப் பேனா எடுத்துப்போக மறந்துவிட்டேன்.

உதிரிச் சாமான் கடைக்காரர் ஒரு சின்னப் பொட்டலம் வரவழைத்துத் தந்தார். புது ஊசி, வளையங்கள், பேக்கிங் அட்டை எல்லாம் அதில் இருக்கிறது. பெட்ரோல் பீய்ச்சும் ஜெட் ஓட்டையில் கம்பி மட்டும் விட்டுவிடாதீர்கள், முடி அளவு பெரிதானாலும் கதை முடிந்தது என்று இரண்டு தடவை சொன்னார். அதனால் இரண்டு நாள் அழுக்குப் போக்கும் மருந்தில் ஊறப் போட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்து, சைக்கிள் பம்பால் ஊதினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எல்லா ஓட்டையும் பளிச்சென்று தெரிகிறது.

அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. கிண்ணத்துக்கும் மேல்மூடிக்கும் நடுவில், கசியாமல் இருக்க, பேக்கிங் அட்டை இருக்கும். புது அட்டையின் ஓரத்தில் நூல் நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை. மூடியிலும் அதே இடத்தில் ஓட்டை இருக்கிறது. பெட்ரோல் மேலே போக அது ஒரு வழி. பழைய அட்டையில் மட்டும் அந்த ஓட்டை இல்லை. யாரோ வெறும் அட்டையில் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அந்த வழி இத்தனை வருஷமாக அடைபட்டே இருந்திருக்கிறது. பெட்ரோல் குறைவாகத்தான் போயிருக்கிறது. அப்படியானால் சோக்கைப் பாதி இழுத்துக் காற்றைக் குறைத்தால் மட்டுமே இன்ஜின் ஓடும். முழுக்கத் தள்ளினால் நின்றுவிடும். சூடான பிறகு அதே பாதி சோக்கில் சில சமயம் பெட்ரோலில் மூழ்கியும் போகும்.

அதாவது, நீ ஓட்டியது அந்த அட்டைக்குச் சரி.

யார் வெட்டினார்களோ தெரியவில்லை. விசாரிக்கிறேன்.

லாரிக்காரர் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
உன் கணவன்


ஞாயிறு காலை

உனக்கு,

நேற்றுக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன், விடிந்ததும் திரும்ப எழுத உட்கார்ந்துவிட்டேன். யார் வெட்டினார்களோ தெரியவில்லை என்று எழுதினேன். அது பொய்.

நான்தான் வெட்டினேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கிண்ணத்தில் கசிவு வந்தபோது, கடையில் கேட்டு வாங்கலாம் என்று நீ சொன்னாய். கடைக்காரன் அட்டையை விட என் கை அளவு துல்லியம் என்று சொல்லிவிட்டு, ஆபீஸ் ஃபைல் அட்டையில் கிண்ணத்தை வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, பிளேடால் வெட்டினேன். அன்றைக்கு மேல்மூடியின் அந்தச் சின்ன ஓட்டை அழுக்கில் அடைபட்டிருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. பழைய அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பென்சிலில் எழுதிய ஓர் ஏழின் பாதி இன்னும் இருக்கிறது, நடுவில் குறுக்குக்கோடு போட்டு. எங்கள் ஆபீஸிலேயே ஏழுக்குக் குறுக்குக்கோடு போடுகிறவன் நான் ஒருத்தன்தான். அதற்காக என்னைக் கேலி செய்வார்கள்.

சனிக்கிழமை எழுதும்போதே அந்த ஏழு என் முன்னால்தான் கிடந்தது. கை எழுதவில்லை. மூன்று தடவை எழுந்து தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்து ‘யாரோ’ என்று எழுதினேன். என் புத்தி அப்படி.

இன்னொன்று. லாரிக்காரர் ஊரை விட்டு எங்கேயும் போகவில்லை. தினமும் காலையில் நம் வாசல் வழியாகத்தான் போகிறார். பெட்டியை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். துணி மட்டும் கேட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். கத்தரி கேட்டதும்தான் நீ அங்கேயே இருந்துவிடப் போகிறாய் என்று தோன்றிவிட்டது.

வேறு எழுதத் தோன்றவில்லை.


புதன்கிழமை

என் அன்பு மனைவிக்கு,

ஞாயிற்றுக்கிழமைக் கடிதம் கிடைத்திருக்கும். பதில் எதிர்பார்த்து எழுதவில்லை, ஆனால் தபால்காரர் வரும் நேரம் தெரிந்து வாசலில் நிற்கிறேன். அவர் என்னைப் பார்த்ததும் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். பாவம், நல்ல மனுஷன்.

முதலில் செவலை. திங்கட்கிழமை காலை புது அட்டையை வைத்து, ஊசியைப் போட்டு, மிதவையின் உயரத்தை அளந்து மாட்டினேன். மாட்டிய பிறகு ஒரு வளையம் தாளில் மிச்சம் இருந்தது. திரும்பக் கழற்றி, திரும்ப மாட்டினேன். இத்தனை எண் போட்டும் படம் வரைந்தும் இதுதான் லட்சணம். பிறகு சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினேன். கிளம்பியது. சோக்கை மெல்ல உள்ளே தள்ளினேன். நிற்கவில்லை. முழுக்கத் தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். ஒரே சீராக, ஒரு இருமல் இல்லாமல், ஓடிக்கொண்டே இருந்தது. இதற்காக எத்தனை வருஷம் கத்தியிருக்கிறேன்! குதித்திருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. அணைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வீடியோ எடுக்கவில்லை.

அப்புறம் வீட்டில் இருக்க முடியவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியை கன்றுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்து நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. அன்றைக்கு உங்கள் முன்னால் என் மனைவியைப் பேசியதெல்லாம் தப்பு, வண்டியைக் கெடுத்தது நான், கெட்டுப்போன வண்டியை இத்தனை வருஷம் ஓட வைத்தது அவள் என்று சொன்னேன். அட்டையையும் எடுத்துக் காட்டினேன். அந்த அம்மா அட்டையைப் பார்க்கவே இல்லை. “அதை ஏன் சார் எங்கிட்ட சொல்றீங்க? அவங்ககிட்ட சொன்னீங்களா?” என்று கேட்டார். எழுதியிருக்கிறேன் என்றேன். அன்றைக்குக் கூட வந்த நாலு பேரையும் கூப்பிடச் சொல்லி அவர்களிடமும் சொன்னேன். அவர்களுக்கு நான் யார் என்றே சரியாக ஞாபகம் இல்லை. உன்னைத்தான் ஞாபகம் இருந்தது. கன்றுக்கு எவ்வளவு ஆழம் குழி வெட்ட வேண்டும் என்று நீ சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார்கள்.

திரும்பி வரும் வழியில் வெல்டிங் கடைக்காரரைப் பார்த்தேன். செவலை சரியாகிவிட்டது, அட்டையில் ஒரு ஓட்டை இல்லாமல் போனதுதான் இத்தனை நாள் கோளாறு என்றேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஆறு வருஷத்துக்கு முன்னால் வண்டியின் கொக்கியை ஒட்ட வைக்க நீ செவலையை அவரிடம் கொண்டுபோனாயாம். ஏன் இப்படிப் பாதி சோக்கில் ஓடுகிறது என்று அவரே கிண்ணத்தைத் திறந்து பார்த்தாராம். கையால் வெட்டிய அட்டை, ஒரு ஓட்டை குறைகிறது, ஒரு ஆணியால் குத்தினால் போதும், ஐந்து நிமிஷ வேலை என்றாராம். நீ வேண்டாம் என்றாயாம்.

ஏன் வேண்டாம் என்றாய் என்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அப்படியே மூடி வைங்கண்ணே. அவரு தன் கையால வெட்டினது. ஒரு நாள் அவரே திறந்து பார்ப்பாரு. அன்னைக்கு அந்த முகத்துல ஈயாடாது. அதை நான் பக்கத்துல நின்னு பார்க்கணும்.” நீயும் அவரும் வயிறு வலிக்கச் சிரித்தீர்களாம்.

நான் அங்கேயே, அவர் கடை வாசலில் கிடந்த இரும்புப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். முதலில் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். ஆறு வருஷமாகத் தெரிந்தும் சொல்லவில்லையே என்று. பிறகு யோசித்தேன். அந்த ஆறு வருஷத்தில் எத்தனை நாள் நான் வாசலில் நின்று உனக்குச் சோக் பாடம் நடத்தியிருக்கிறேன்! இடுப்பில் கை வைத்துக்கொண்டு! நீ ஒவ்வொரு தடவையும் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவாய். புரியாமல் விழிக்கிறாய் என்று நான் நினைத்தேன். நீ சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாய்.

உனக்கு அது விளையாட்டாக இருந்தது. என் அசட்டுத்தனத்தை ஆசையாக மூடி வைத்து, என்றைக்காவது திறந்து இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கலாம் என்று இருந்தாய். அதை நாலு பேர் முன்னால் மாடு என்று சொல்லி நான் கெடுத்துவிட்டேன். அன்றைக்கு நீ வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த நாலு பேர் முன்னாலேயே நான் தலை குனிந்திருப்பேன். சொல்ல உன்னிடம் விஷயம் இருந்தது. சொல்லாமல் கை கழுவிக்கொண்டு போனாய். ஒரு வார்த்தைதானே என்று உனக்கு எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. இல்லை, வேண்டாம், வைத்துக்கொள். நான் மறுபடி அப்படிப் பேசினால் எடுத்துக் காட்டு.

மன்னித்துவிடு. இந்த வார்த்தையை உனக்கு நான் எழுதியோ சொல்லியோ பழக்கம் இல்லை. எழுத்து கோணலாக இருக்கும்.

பெட்டி தயார். துணிகளை நானே மடித்து வைத்தேன், உனக்குப் பிடிக்கிற மாதிரி இருக்காது. கண்ணாடியைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். கத்தரியை எண்ணெய் போட்டுத் துடைத்து மேலேயே வைத்திருக்கிறேன். இனிமேல் பொய் சொல்ல மாட்டேன். லாரிக்காரர் வெள்ளிக்கிழமை உன் பக்கம் வருகிறார். பெட்டியை ஏற்றிவிடு என்று நீ ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் ஏற்றிவிடுகிறேன். காலி மனையில் நீ போடும் கன்றெல்லாம் நன்றாகப் பிடிக்கட்டும், உன் கையில் எதுதான் பிடிக்காமல் போயிருக்கிறது? நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ ஆறு வருஷமாகப் பார்க்கக் காத்திருந்த முகம் இப்போது இந்த வீட்டில்தான் இருக்கிறது. கைகழுவும் இடத்துக் கண்ணாடியில் இன்று காலையும் பார்த்தேன். காது வரைக்கும் கறுத்து, வாய் கொஞ்சம் திறந்து, நீ சொன்ன மாதிரியே ஈயாடவில்லை. எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. இங்கே பார்க்க ஆள் இல்லை. பெரியவளிடம் காட்டினால் அவளுக்கு ஒன்றும் புரியாது.

பார்த்துவிட்டு உடனே திரும்பிப் போவதானாலும் போ, நான் தடுக்க மாட்டேன், பஸ் ஏற்றிவிட நானே வருகிறேன். ஒரு தடவை வந்து, பக்கத்தில் நின்று, வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுப் போ.

உன் கணவன்